கரையேற முயன்ற நீர்மூழ்கி

கடலுக்குள் மூழ்கிச் செல்லவும், மணலில் ஊர்ந்து கரையேறவும் வல்ல ஒரு சிறிய நீர்மூழ்கிக் கப்பலை இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனி உருவாக்கிப் பார்த்தது. 'கடல் சாத்தான்' என்று பொருள்படும் 'ஸேடாய்ஃபெல்' என்பது அதன் பெயர். 1944-இல் ஒரே ஒரு மாதிரிக் கலம் மட்டுமே கட்டப்பட்டது. இன்று அதை வேடிக்கையான கற்பனை என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். அதன் பின்னணியில் ஒரு மெய்யான சிக்கல் இருந்தது என்பதே என் கருத்து.

பெரிய நீர்மூழ்கிகளை நேச நாடுகள் தேடித்தேடி அழித்துவந்த காலம் அது. எனவே, ஓரிருவர் மட்டுமே செலுத்தும் சிறு கலங்களை ஜெர்மானியக் கடற்படை நாடியது. ஆனால், அவற்றைக் கடலில் இறக்குவதே பெரும்பாடாக இருந்தது. 1944 ஏப்ரலில் இத்தாலியின் அன்சியோ கரையருகே, மனிதர் அமர்ந்து செலுத்தும் 'நேகர்' டார்பிடோக்கள் முதன்முதலாக ஏவப்பட்டன. அவற்றில் பல, நீரை எட்டாமல் மணலிலேயே சிக்கிக்கொண்டன. ஒரு கப்பலைக்கூட அவற்றால் மூழ்கடிக்க இயலவில்லை.

பளுதூக்கியும் துறைமுகமும் இன்றித் தானே கடலில் இறங்கும் கலம் இருந்தால் என்ன என்ற வினாவுக்கான விடையே ஸேடாய்ஃபெல். இருவர் செலுத்தும் அக்கலத்தின் அடியில், டாங்கிகளில் இருப்பதைப் போன்ற சங்கிலிப் பட்டைகள் பொருத்தப்பட்டன. இரு டார்பிடோக்களையோ கண்ணிவெடிகளையோ அது சுமக்கும். நீருக்கடியில் மின்மோட்டாரும், நீர்ப்பரப்பிலும் தரையிலும் 80 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் இயந்திரமும் அதை இயக்கும்.

தடுமாற்றம் தரையில்தான் நேர்ந்தது. நீரில் கலத்தின் எடையை நீரே தாங்கிக்கொள்கிறது. கரையேறியதும் அம்முழு எடையையும் பட்டைகளும் இயந்திரமும் சுமக்க வேண்டும். ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்க உடற்பகுதி உறுதியாக இருக்க வேண்டும். உறுதி கூடினால் எடையும் கூடும். பட்டைகளின் அகலம் போதாததால் அவை மணலில் புதைந்தன. இயந்திரத்தின் ஆற்றலும் போதவில்லை. 250 குதிரைத்திறன் டீசல் இயந்திரம் பொருத்தும் திட்டம் கைகூடவில்லை.

அக்கலம் களம் கண்டிருந்தால் வென்றிருக்குமா? அவ்வாறு நான் நம்பவில்லை. இத்தகைய சிறு கலங்களில் சிறந்ததாகக் கருதப்பட்ட 'ஸேஹுண்ட்' வகையிலேயே 30-க்கும் மேற்பட்டவை திரும்பி வரவில்லை. 'பீபர்' கலங்களைச் செலுத்தியவர்களுள் சிலர், பகைவரைக் காணுமுன்பே தம் பெட்ரோல் இயந்திரத்தின் நச்சுப்புகைக்குப் பலியாயினர்.

கடலில் இறங்கும் வழியைத்தான் ஸேடாய்ஃபெலின் வடிவமைப்பாளர்கள் தேடினர். இறங்கியவர் உயிருடன் மீள்வாரா என்ற வினாவை எந்தச் சங்கிலிப் பட்டையாலும் தீர்த்திருக்க முடியாது. தோல்வி உறுதியான பின்னரும் போரை நீட்டிக்கும் ஓர் அரசு, அறிவியலாளரின் திறமையை மட்டுமன்றி இளைஞர்களின் உயிரையும் சேர்த்தே வீணாக்குகிறது. புதிய ஆயுதம் என்ற அறிவிப்பு எங்கிருந்து வந்தாலும், அதன் ஆற்றலைக் கேட்டு வியக்குமுன் அதனுள் அமரப்போகிறவரின் நிலையை நாம் கேட்டறிய வேண்டும்.