முதல் படிக்கு ஏன் இத்தனை மரியாதை?

டிஷ் ஆன்டெனாவின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன டப்பாதான் எல்.என்.பி. அதிலுள்ள பெருக்கியை மழையில் நனையவும் வெயிலில் காயவும் விடாமல் செட்டாப் பாக்ஸுக்குள் வைத்தால் என்ன? கேபிளில் சிக்னல் தேய்ந்த பிறகு பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகும்.

பெருக்கி சிக்னலைப் படிப்படியாகப் பெருக்குகிறது; ஒவ்வொரு படியிலும் உள்ள டிரான்சிஸ்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கிறது. பெல் ஆய்வகத்தின் ஹரால்டு ஃபிரிஸ் 1944இல் படிகளின் இரைச்சலுக்கு ஒரு சூத்திரம் தந்தார்: இரண்டாம் படியின் இரைச்சல், முதல் படியின் பெருக்கத்தால் வகுபடும். முதல் படி 20 டெசிபெல், அதாவது 100 மடங்கு பெருக்கினால், அடுத்த படியின் குறை நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே உயர்ந்த டிரான்சிஸ்டர் முன்னால். பின்னால் சுமாரானது போதும்.

அப்படியானால் படிகளை அடுக்கிக்கொண்டே போகலாமே? அங்கேதான் வம்பு. இப்படி மூன்று படிகளை அடுக்கினால் வரும் 60 டெசிபெல் என்பது பத்து லட்சம் மடங்கு. வெளியீட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு உள்ளீட்டுக்குக் கசிந்து, அதன் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போனாலே போதும். ஸ்பீக்கர் அருகே போன மைக்கைப் போலப் பெருக்கி தானாக ஊளையிடும். படிகளுக்கிடையே உலோகத் தடுப்பு வைப்பது இதற்காகத்தான். எல்.என்.பி.யில் இன்னும் அழகான தந்திரம் உண்டு: 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் வரும் அலையை ஓரளவு பெருக்கி, 1–2 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, மிச்சப் பெருக்கத்தை அங்கே முடிக்கிறார்கள். கசிந்தாலும் அலைவரிசை வேறு. முதல் படி அதைச் சட்டைசெய்யாது.