காசநோய் என்று தவறாகக் கருதப்படும் நண்டுப்புழு நோய்

பாராகோனிமஸ் எனப்படும் நுரையீரல் தட்டைப்புழு புலி, நாய், பூனை, மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளின் நுரையீரலில் வாழும் ஒட்டுண்ணி. இது உண்டாக்கும் நண்டுப்புழு நோய் ஆசியாவில் பரவலாக உண்டு. இந்தியாவில் மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் பதிவாகியுள்ளது.

பரவும் விதம்

நோயுற்றவரின் சளியிலும் மலத்திலும் வெளியேறும் முட்டைகள் நீரில் பொரிகின்றன. இளம்புழுக்கள் முதலில் நத்தைக்குள்ளும், பிறகு நன்னீர் நண்டுக்குள்ளும் வளர்கின்றன. அந்த நண்டைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்பவரின் குடலைத் துளைத்து, உதரவிதானத்தைக் கடந்து அவை நுரையீரலை அடைகின்றன. அங்கே சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள புழுவாகிப் பல ஆண்டுகள் உயிர்வாழக்கூடும். மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்நோய் நேரடியாகத் தொற்றுவதில்லை.

ஆபத்துகள்

நாள்பட்ட இருமல், நெஞ்சுவலி, துருநிறச் சளி, சளியில் இரத்தம் ஆகியவை முக்கிய அறிகுறிகள். புழு மூளைக்குச் சென்றால் வலிப்பு வரலாம். அறிகுறிகளும் எக்ஸ்ரே படமும் காசநோயை ஒத்திருப்பதால், பலர் தேவையின்றிக் காசநோய் மருந்து உட்கொள்ள நேர்கிறது. காசநோய்க் கிருமியைத் தேடச் சளிக்கு ஏற்றும் சாயம் புழு முட்டைகளைச் சிதைத்துவிடக்கூடும் என்பதால், முட்டைகளுக்கெனத் தனிப் பரிசோதனை தேவை.

தீர்வும் உரிமையும்

பிராசிகுவாண்டல் மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் உட்கொண்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். மூளை பாதிக்கப்பட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தின்படி, நோய் பற்றிய விளக்கம், பரிசோதனை அறிக்கைகளின் நகல், வேறொரு மருத்துவரின் கருத்து ஆகியவற்றைப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு. சளியில் காசநோய்க் கிருமி தென்படாமலும் மருந்துக்கு இருமல் அடங்காமலும் இருந்தால், நண்டு உண்ட விவரத்தை மருத்துவரிடம் சொல்லி, புழு முட்டைப் பரிசோதனை கோரலாம். இரு நோய்களும் ஒருவருக்கே இருக்கக்கூடும். ஆகவே காசநோய் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

தடுப்பு

உப்பு, வினிகர், மது ஆகியவற்றில் ஊறவைப்பதால் புழு சாகும் என்று நம்ப முடியாது. நண்டின் சாற்றைப் பச்சையாக மருந்தென்று குடிப்பதும் ஆபத்தே. நண்டு நறுக்கிய கத்தி, பலகை, கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். ஓடைகளில் எச்சில் துப்புவதையும் மலம் கழிப்பதையும் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நன்னீர் நண்டை உள்வரை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.