மனப்பாரம் பத்தில் எத்தனை?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்தே அங்கு பேச்சுக் குறைந்துவிடுகிறது. உம்மா பயந்துவிடுவார் என்று பிள்ளைகள் மறைக்கிறார்கள். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று உம்மா மறைக்கிறார். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒவ்வொருவரும் தனித்தனியே அழுகிறார்கள்.

நோயாளியின் மனவேதனையும் கவனிக்கப்பட வேண்டிய ஒன்றே. 1977ஆம் ஆண்டு நியூயோர்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஜிம்மி ஹொலண்ட் என்ற பெண் வைத்தியர் இதற்கெனத் தனிப் பிரிவொன்றை ஆரம்பித்தார். நோயாளியின் மனப்பாரத்தை அறிய இன்று பல நாடுகளில் எளிய அளவுகோலொன்று பயன்படுகிறது. வேதனையே இல்லையென்றால் 0. தாங்கவே முடியவில்லையென்றால் 10. நோயாளி 4 அல்லது அதற்கு மேல் சொன்னால் வைத்தியர்கள் மேலும் விசாரிப்பார்கள்.

இதை நீங்கள் வீட்டிலும் கேட்கலாம். "உம்மா, இந்த வாரம் மனப்பாரம் பத்தில் எத்தனை?" என்று கேளுங்கள். பிறகு, எது கூடுதலாக அழுத்துகிறது என்று கேளுங்கள். வலியா, தூக்கமின்மையா, செலவா, கல்யாணம் முடிக்காத மகளைப் பற்றிய கவலையா? "ஒன்றுமில்லை, எல்லாம் சுகமாகிவிடும்" என்று உடனே வாயை அடைத்துவிடாதீர்கள். அழுதால் அழ விடுங்கள். அழுகை பொறுமையின்மை அல்ல. மகனைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்களும் அழுதவர்தாம்.

நோயாளி திடீரென எரிந்து விழுகிறாரா? இரவில் தூக்கமே இல்லையா? ஸ்டீரொயிட் போன்ற மருந்துகளாலும் அப்படி வரலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

அடுத்து, பராமரிக்கும் சகோதரியே, அதே கேள்வியை உங்களிடமும் கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரிப் பயணம், இரவு விழிப்பு, சமையல் எல்லாவற்றையும் ஒருத்தியே சுமந்தால் அவளும் விழுந்துவிடுவாள். "ஏதும் உதவி தேவையா?" என்று கேட்கும் உறவினரிடம், "வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு உங்கள் பொறுப்பு", "சனிக்கிழமை இரவு நீங்கள் விழித்திருங்கள்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கண்ணயருங்கள். அது சுயநலம் அல்ல.

எதிலும் மனம் செல்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் கூறுங்கள். வாழ்ந்தது போதும் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

நோயைக் குணமாக்குவது நம் கையில் இல்லை. நோயாளியைத் தனியே அழ விடாதிருப்பது நம் கையில் இருக்கிறது.