இரு ஆங்கில விரைவு வண்டிகளும் அவற்றின் நம் நாட்டு உறவும்

ஸ்போர்ட்ஸ் கார் என ஆங்கிலேயர் வழங்குவது, இருவர் அமர்ந்து செல்லும் தாழ்ந்த, திறந்த விரைவு மோட்டாராகும். அவ்வகையில் பழைய வண்டிகளைத் திரட்டுவோர் பெரிதும் விரும்புவன எம்.ஜி.ஏ., டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும் இரண்டு. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு இவற்றை ஆராய்வது வீண் வேலையென்று சிலர் நகைக்கக்கூடும். அங்ஙனமன்று, இவ்விரண்டின் உறவினங்களும் நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடியவையே.

எம்.ஜி.ஏ. 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்திற்கு மேல் செய்யப்பெற்றது. அதன் முதல் இயந்திரம் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. அதே மரபில், அதே அளவில் அமைந்த இயந்திரந்தான் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்த அம்பாசிடரைப் பல்லாண்டுகள் இழுத்தது. ஸ்பிட்பயர் 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்திற்கு மேல் வெளிவந்தது. டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே அதனை அமைத்தனர். இரண்டிற்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டே 1961 முதல் சென்னையை அடுத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரில் செய்யப்பெற்றது.

இனி இவற்றின் இயல்பை ஒப்பிடுவோம். எம்.ஜி.ஏ.யின் பின்சக்கரங்களை ஒரே விறைத்த அச்சு இணைக்கின்றது; அதனைப் பட்டைகள் தாங்குகின்றன. நம் மாட்டுவண்டியைப் போலவே, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். அதிர்ச்சி மிகுதி, ஆயினும் வளைவில் அதன் போக்கை முன்னறியலாம். ஸ்பிட்பயரில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே எழுந்து தாழும். ஆதலின் கரடுமுரடான வழியில் இது நயமுடையது. ஆனால், விரைந்து வளையும்போது ஓட்டுபவர் அஞ்சித் திடீரென வேகத்தைக் குறைப்பாராயின், வெளிப்புறச் சக்கரம் உள்மடங்கி, வண்டியின் பின்புறம் வீசியெறியப்படும். இக்குறை 1970இல் தோன்றிய நான்காம் வடிவத்தில் பெரிதும் நீக்கப்பட்டது. முன்மூடி முழுதும் முன்னோக்கித் திறப்பதால், பழுதுபார்ப்பார்க்கு ஸ்பிட்பயரே எளிது.

ஆகவே, ஸ்பிட்பயரை விரும்புவோர் 1970க்குப் பிற்பட்டதையே நாடுக. எதனை வாங்கினும் வண்ணப் பூச்சில் மயங்காது, கதவின் கீழ்ப்பகுதியையும் அடிச்சட்டத்தையும் துரு அரித்துள்ளதா எனத் தட்டிப் பார்த்தல் வேண்டும்.

எமக்குத் தோன்றும் முடிபு எம்.ஜி.ஏ. பக்கமே சாய்கின்றது. அழகு காரணமன்று. ஹெரால்டு அறிந்த கைகள் இன்று அருகிவிட்டன. அம்பாசிடரோ 2014 வரை செய்யப்பெற்றமையால், அதன் இயந்திரத்தைப் பிரித்துக் கோத்த தொழிலாளர் நம் சிற்றூர்ப் பட்டறைகளிலும் உள்ளனர். சில உறுப்புகள் வேறுபடினும் அவர்தம் கை அதனை அறியும். பழைய வண்டியை வாங்குவது எளிது; ஓடச் செய்வதே அரிது. எனவே, வண்டியைத் தேடுமுன் அதனை அறிந்த தொழிலாளரைத் தேடுவதே அறிவுடைமை. அவரிடம் இளைஞர் சிலர் இன்றே அத்தொழிலைப் பயில்வாராயின், வண்டியோடு அறிவும் காக்கப்படும்.