தளம் போட்ட வீட்டுக்கும் வருஷ வேலை உண்டு



கூரை வீட்டில் இருந்தவரை நமக்கு ஒரு கணக்கு இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, இல்லாட்டி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கீற்று மாற்றணும். கீற்று, கயிறு, ஆள் கூலி என்று முன்கூட்டியே பணம் எடுத்து வைப்போம். தளம் போட்ட வீடு வந்ததும் அந்தப் பழக்கம் நின்னுபோச்சு. ‘சிமெண்ட் வீட்டுக்கு என்ன செலவு இருக்கு?’ என்று இருந்துவிடுகிறோம். கொஞ்ச வருஷத்தில் தூங்குகிற பிள்ளை மேல் பூச்சு பெயர்ந்து விழுது. தொகுப்பு வீடுகள் பலவற்றின் கதை இதுதான்.

தளம் ஏன் பெயர்கிறது? மாடியில் தேங்குகிற தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி உப்பும். அந்த உப்பலில் அடியில் உள்ள காரை வெடித்து உதிரும். உதிர்ந்த இடத்தில் மேலாகப் பூசிவிட்டால் வீடு அழகாகத் தெரியும், ஆனால் உள்ளே துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். தளர்ந்த காரையைக் கொத்தி எடுத்து, கம்பியை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்த பிறகே கலவை வைக்கணும். கம்பி இளைத்துப் போயிருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் ஒன்றியப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால், ஆவணிக்குள் இந்த வேலையை முடித்துவிடணும். மழை பிடித்த பிறகு கொத்தனாரும் கிடைக்க மாட்டார், பூச்சும் நிற்காது. முதலில் மாடிக்கு ஏறுங்கள். விறகு, உடைந்த சட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் இறக்குங்கள். தண்ணீர் வடியும் குழாயில் சருகு அடைத்திருக்கும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று, ஆலங்கன்று இருந்தால் வேரோடு எடுக்கணும். சாமி மரமாச்சே என்று விட்டால் சுவர் பிளக்கும்! பிறகு நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குதோ அங்கேதான் வேலை இருக்கு.

வீட்டுக்குள்ளே ஒரு கம்பால் தளத்தை அடியிலிருந்து தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. ‘டொப்’ என்று கேட்டால் பூச்சு விட்டுப்போச்சு, அதன் கீழே பிள்ளைகளைப் படுக்க வைக்க வேண்டாம். சுவரில் விரிசல் இருந்தால், அது முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்தும் கோட்டைத் தாண்டாவிட்டால் பயமில்லை. தாண்டினால் அதையும் பொறியாளரிடம் காட்டணும். ஈரச் சுவரில் சுவிட்சைத் தொட்டால் சுரீர் என்கிறதா? மெயினை நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கொத்தனாரிடம் பேசுகிற வேலையை அண்ணன், தம்பியிடம் விட வேண்டியதில்லை. வீடு நம்ம பேரில் இருக்கு, நாமே பேசலாம். இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். நாள் கூலியா, மொத்தமா, சாமான் யார் வாங்குவது, எத்தனை நாளில் முடியும் என்பதை நோட்டில் எழுதுங்கள். பணத்தை வேலை முடிய முடியக் கொடுக்கணும். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரம், வருஷம் அச்சடித்திருக்கும். மூன்று மாதம் தாண்டினதும் கட்டி தட்டினதும் வேண்டாம். கடற்கரை ஊர்க்காரர்கள் உப்பு மணலைச் சேர்க்கவே கூடாது, கம்பிக்கு அதைவிட எதிரி இல்லை. பூசி முடித்ததும் ஏழு நாளாவது காலையும் மாலையும் நனைக்கணும். அந்த வேலையைக் கொத்தனார் செய்வார் என்று நம்பி இருக்காதீர்கள்.

பணத்துக்கு? மாதம் 100 ரூபாய் தனியாகச் சேர்த்தாலும் வருஷத்துக்கு 1,200 ஆச்சு. சில்லறைப் பூச்சு வேலைக்கு அது கைகொடுக்கும். பெரிய வேலை வந்தால் குழுவில் உள்கடன் கேளுங்கள். மழையில் ஒழுகும்போது அவசரத்துக்கு வெளியில் வாங்குகிற கடன்தான் வட்டியில் நம்மை முழுங்குது.

2001-க்கு முன்பு அரசுத் திட்டத்தில் கட்டிய பழைய வீடுகளைப் பழுது பார்க்க, 2024-ல் தமிழக அரசு ஒரு திட்டம் அறிவித்தது. உங்கள் வீடு அந்தக் காலத்தது என்றால் ஊராட்சியிலோ ஒன்றிய அலுவலகத்திலோ விசாரியுங்கள். போகும்போது பட்டா நகல், வீட்டு வரி ரசீது, உதிர்ந்த இடத்தின் போட்டோ எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள், இன்னொரு நடை மிச்சம்.