‘புறப்படலாம்’ என்று யார் சொன்னது?

சிப்பாங்கிலோ சாங்கியிலோ விமானம் ஏறியவர்கள் கவனித்திருப்பீர்கள். ஊர்ந்து வந்த விமானம் ஓடுபாதையின் முனையில் சற்று நேரம் சும்மா நிற்கும். குழந்தை அழும், பக்கத்து இருக்கைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். புறப்படுவதற்கு முன் விமானிக்கு இரண்டு விதமான சொற்கள் வர வேண்டும். மேலே எழும்பிய பின் எந்தப் பக்கம் திரும்புவது, எவ்வளவு உயரம் ஏறுவது என்ற வழிக்குறிப்பு ஒன்று. ‘இப்போது கிளம்பலாம்’ என்ற உத்தரவு மற்றொன்று. முதலாவது கிடைத்துவிட்டது என்பதற்காக இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக ஆகாது. இந்த வேறுபாடு ஒரு மாலையில் மறைந்துபோனதால் 583 உயிர்கள் போயின.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் ஒன்றான தெனரீஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் வெடிகுண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்களெல்லாம் இந்தச் சிறிய நிலையத்தில் வந்து குவிந்தன. நிறுத்த இடமில்லை. ஆகவே, ஓடுபாதையின் மீதே ஊர்ந்துபோய்த்தான் மறுமுனையை அடைய வேண்டும். போதாக்குறைக்கு மூடுபனி வேறு.

டச்சு நாட்டின் கே.எல்.எம். ஜம்போ விமானம் மறுமுனைக்குப் போய்த் திரும்பி நின்றது. அதே பாதையில், அமெரிக்கப் பான் ஆம் ஜம்போ இன்னும் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. கோபுரத்தில் இருந்தவருக்கும் இருவரும் தெரியவில்லை. காது ஒன்றே துணை.

டச்சு விமானத் தலைவர் வான் சாண்டன் சாதாரணமானவர் அல்லர். அந்நிறுவனத்தில் ஜம்போ விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். பக்கத்தில் இருந்த துணை விமானியைச் சோதித்துத் தகுதி வழங்கியவரும் அவரே. பணிநேர வரம்பு முடிந்துவிடுமோ என்ற அவசரம் அவருக்கு. அவர் விசையை முன்தள்ளத் தொடங்கியபோது, அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி தடுத்தார். கேட்கச் சொன்னார் தலைவர். கோபுரத்திலிருந்து வழிக்குறிப்பு வந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும் முன்பே விமானம் ஓடத் தொடங்கிவிட்டது.

கோபுரத்தார் முதலில் ‘ஓகே’ என்றார். பிறகுதான் ‘காத்திருங்கள், அழைக்கிறேன்’ என்றார். அதே நொடியில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகப் பான் ஆம் விமானிகளும் பேசினர். இரண்டு குரலும் மோதி, டச்சு விமானத்தில் கேட்டது ‘ஓகே’யும் ஒரு கீச்சொலியும்தான். ஆனாலும் அடுத்த பேச்சு காதில் விழுந்தது. பொறியாளர் ஒருவர், அந்த அமெரிக்க விமானம் இன்னும் விலகவில்லையோ என்று சந்தேகம் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. தேர்வு வைத்த வாத்தியாரிடம் மறுபடியும் யார் வாய் திறப்பார்கள்? டச்சு விமானத்தில் இருந்த 248 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அமெரிக்க விமானத்தில் 61 பேர் பிழைத்தனர்.

ஸ்பெயின் விசாரணையாளர்கள் உத்தரவில்லாமல் கிளம்பியதையே முதன்மைக் காரணம் என்றனர். டச்சுத் தரப்போ, எல்லாப் பக்கத்துப் பேச்சும் தெளிவில்லாமல் இருந்தது என்றது. பின்னதிலும் நியாயம் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன். ‘பொறு’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஓகே’ எதற்கு? எனினும், சந்தேகம் கேட்ட பொறியாளருக்கு அரை நிமிடம் செவிகொடுத்திருந்தால் போதும்.

இப்போது ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, கிளம்பும் உத்தரவைக் கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே கோபுரம் உச்சரிக்க வேண்டும். மற்றபடி ‘டிப்பார்ச்சர்’தான். முக்கிய உத்தரவுகளுக்கு வெறும் ‘சரி’ போதாது. வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தலைவரைத் தட்டிக் கேட்பதற்கும் துணை விமானிகளுக்குப் பயிற்சி உண்டு.

திருப்பிச் சொன்னாலும் கேட்பவர் கவனிக்க வேண்டுமே! நம் சுபாங்கிலேயே 1989 பிப்ரவரி 19 அன்று ஒன்று நடந்தது. இது கிளம்பிய விமானம் அன்று, இறங்கிய விமானம். ஆனால் நோய் அதேதான். சிங்கப்பூரிலிருந்து வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானத்தை 2400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். ‘டூ, ஃபோர், ஸீரோ, ஸீரோ’ என்று எண் எண்ணாகச் சொன்னதில், முதல் ‘டூ’வை விமானி இரண்டு என்று கொள்ளாமல், ‘அந்த உயரத்துக்கு’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்டார். ‘400’ என்று திருப்பிச் சொன்னார், திருத்துவாரில்லை. குன்றில் மோதி நால்வரும் மாண்டனர். ‘இரண்டாயிரத்து நானூறு’ என்று சொல்வதே முறை.

வகுப்பில் பிள்ளைகள் ஆங்கில எண் 3-ஐ ‘ட்ரீ’ என்று படித்தால், மரம் அல்லவா அது என்று நிறுத்தித் திருத்துவேன். விமான வானொலியிலோ 3 என்பது ‘ட்ரீ’தான்; 5 ‘ஃபைஃப்’, 9 ‘நைனர்’. இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக ஏற்படுத்திய உச்சரிப்பு.