தாங்குகிற கைக்கும் வேலை கொடுங்கள்

'டேப்லெட்டில் பார்த்தால் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் ஓர் இதயம் துடிக்கிறது. மகள் அதைத் திருப்பப் போனால் டேப்லெட்டே ஆடிவிடுகிறது. ஏன்?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

2017-ல் ஆப்பிளின் ஏஆர்கிட் (கேமராக் காட்சியின்மேல் மெய்நிகர் பொருளைப் பதித்துக் காட்ட உதவும் மென்பொருள்) வந்தபின், தான் அறையில் எங்கே இருக்கிறது என்று கேமராவையும் அசைவு சென்சார்களையும் வைத்து டேப்லெட்டே கணக்குப் போட்டுக்கொள்கிறது. இதயம் மேசையை விட்டு நகராதது அதனால்தான். சிக்கல் கைகளில் இருக்கிறது. ஏறக்குறைய அரைக் கிலோவை ஒரு கை தாங்க, மறு கை திரையைத் தொட வேண்டும். தொட்டதும் கேமரா அசைகிறது. விரலுக்கடியில் இருந்த பொருள் விலகிப்போகிறது.

இரண்டு கைகளும் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பிரெஞ்சு உளவியலாளர் ஈவ் கியார் 1987-ல் வெளியிட்ட ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. எழுதுகிறவரின் தாளுக்கடியில் கார்பன் தாளும், அதற்கும் கீழே மேசையில் அசையாத வெள்ளைத்தாளும் வைத்துப் பார்த்தார். மேல்தாளில் பக்கம் முழுக்க வரிகள். அடித்தாளிலோ எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு சிறு இடத்திலேயே குவிந்திருந்தது. பேனா அந்தச் சிறு இடத்துக்குள்ளேயே இயங்க, இடக்கை தாளை நகர்த்தி நகர்த்திக் கொடுத்திருக்கிறது! அம்மா மல்லிகை கட்டும்போதும் இதே பங்கீடுதான்: இடக்கை பூக்களை எதிரெதிராக அடுக்கிப் பிடித்த பிறகே வலக்கை நாரைச் சுற்றும். இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இது அப்படியே மாறும்.

டேப்லெட்டிலும் கோணத்தைத் தீர்மானிப்பது தாங்குகிற கைதான். பொருள்மேல் விரலை அழுத்தியபடி டேப்லெட்டை நகர்த்தினால் பொருளும் கூடவே வரும்படி செய்யலாம். தட்டைத் திரையில் விரலால் மட்டும் கிடைக்காத முன்பின் நகர்வும் சாய்வும் அப்போது கைக்கு வரும். தாங்கும் கையின் கட்டைவிரலுக்கும் வேலை கொடுக்கலாம் என்று ஜூலி வாக்னரும் சகாக்களும் 2012-லேயே காட்டிவிட்டார்கள். அந்த விரல் 'நகர்த்து', 'சுழற்று' என்று மாற்ற, மறு கை இழுக்கும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் கட்டைவிரல் எட்டாத இடத்தில் பொத்தான் வைத்துப் பாடச் செயலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு மனம் ஆறவே இல்லை. பொத்தான்களை இடம் வலமாக மாற்றிக்கொள்ளும் வசதிகூட இல்லாமல் இடக்கைப் பிள்ளைகள் திண்டாடுகிறார்கள். கை வலிக்கிற பிள்ளை இதயத்தின் அறைகளை எப்படிக் கவனிக்கும்?

வாசகிக்கு ஒரு யோசனை: காட்சியை அப்படியே நிறுத்திவைக்கும் வசதி அந்தச் செயலியில் இருக்கிறதா பாருங்கள். கோணம் பிடித்து நிறுத்திவிட்டால் டேப்லெட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் திருப்பலாம், பெரிதாக்கலாம். இல்லையென்றால் செயலியைச் செய்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.